தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் வளரும் பிள்ளைகள்

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகும் ஒரு குடும்பத்தின் வீடு எனக்கு நல்ல பழக்கம். முன்னால் ஒரு பட்டாசாலை, பின்னால் ஓர் அடுக்களை, அவ்வளவுதான் வீடு. அப்பா, அம்மா, ஆச்சி, பத்தாவது படிக்கும் பையன், பன்னிரண்டாவது படிக்கும் பெண். ராத்திரி பாய் விரித்துவிட்டால் தண்ணீர் குடிக்க எழுந்திருப்பவர் யாரையாவது தாண்டித்தான் போக வேண்டும். அடுக்களைக்கும் பட்டாசாலைக்கும் நடுவில் கதவு கிடையாது. கொடியில் ஒரு பழைய சேலையைப் போட்டு மறைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தப் பெண் உடுப்பு மாற்றுவது அந்தச் சேலைக்குப் பின்னால்தான். அவளுடைய கிளிப்புகள், தோழிகள் கொடுத்த பிறந்தநாள் வாழ்த்து அட்டைகள், ஒரு பழைய டைரி எல்லாம் ஆச்சியின் தகரப்பெட்டிக்குள் ஒரு மஞ்சள் பையில் கிடக்கின்றன. பெட்டிச் சாவி ஆச்சியின் இடுப்பில். போன் டிவிக்குப் பக்கத்துச் சுவிட்சு போர்டில் சார்ஜில் தொங்குகிறது. அதன் பேட்டர்ன் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

விடலைப் பருவத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் எவ்வளவு அந்தரங்கம் கொடுக்கலாம் என்ற கேள்வியை இந்தப் பட்டாசாலையில் உட்கார்ந்துதான் யோசிக்க விரும்புகிறேன். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைக்குத் தனி அறை இருக்கிறது, அறைக்குக் கதவு இருக்கிறது, கதவைத் தட்டிவிட்டு நுழைய வேண்டுமா என்ற இடத்தில் ஆரம்பிக்கிறார்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களில் சுமார் 37 சதவீதம் ஒரே அறையில் குடியிருந்தன. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் பதினைந்து வயது வரத்தான் செய்கிறது.

‘அந்தரங்கம்’ என்ற சொல் எங்கள் பக்கத்துப் பேச்சில் அதிகம் புழங்காது. ‘கமுக்கம்’ உண்டு, ‘ஒளிவு மறைவு’ உண்டு. இரண்டுமே குற்றச்சாட்டு. “பய கமுக்கமா இருக்கான்” என்று ஒரு தாய் சொன்னால், மகன் எதையோ செய்துவிட்டு மறைக்கிறான் என்று அவள் சந்தேகப்படுகிறாள். ‘தனியுரிமை’ சட்டத்துக்காகப் பிறந்த சொல். நல்ல சொல்தான், இன்னும் அடுக்களை வரை வந்து சேரவில்லை. சொல் இல்லை என்பதால் அந்தப் பழக்கமே நம்மிடம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. என் சின்ன வயதில் பெரியவர்கள் செருமாமல் வீட்டுக்குள் நுழைந்து நான் பார்த்ததில்லை. வயசுக்கு வந்த பெண் இருக்கும் வீடென்றால் பெற்ற தகப்பனே வீட்டு முன்தாழ்வாரமான தார்சாவில் நின்று தொண்டையைச் செருமுவார், செருப்பைக் கொஞ்சம் சத்தம் கேட்கக் கழற்றிப் போடுவார், உள்ளே வளையல் சத்தமோ “வாங்க” என்ற குரலோ கேட்ட பிறகுதான் தலையைக் குனிந்து நிலையைத் தாண்டுவார். கதவு இல்லாத வீட்டில் கதவைத் தட்டும் முறை அது. அதை யாரும் உரிமை என்று சொல்லவில்லை, மரியாதை என்றார்கள்.

அன்றைக்குப் பிள்ளைகளின் அந்தரங்கம் வீட்டுக்குள் இருந்ததைவிட ஊருக்குள்தான் அதிகம் இருந்தது. மீசை அரும்பிய பையன் வீட்டில் படுக்க மாட்டான். பாயையும் போர்வையையும் சுருட்டிக்கொண்டு மடத்துக்கோ கோயில் திண்ணைக்கோ களத்துக்கோ போய்விடுவான். இளவட்டங்கள் அங்கே விடிய விடிய என்ன பேசினார்கள் என்று எந்தத் தகப்பனும் கேட்டதில்லை. (ஒவ்வொரு சாதிக்கும் தனித் தனி மடம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தச் சுதந்திரத்துக்கும் வேலி இருந்தது.) பெண்பிள்ளைகளுக்கு மடம் கிடையாது. ஆனால் பருத்தி எடுக்கப் போனால் பக்கத்தில் தோழி இருப்பாள். விறகு பொறுக்கப் போனாலும், ஊர்க் கிணற்றுக்குத் தண்ணிக்குப் போனாலும் அப்படித்தான். பொழுது இருட்டும் நேரம் கூட்டமாக ஓடைப் பக்கம் ஒதுங்கப் போவார்கள். அந்த அரை மணி நேரம் அவர்களுடையது. யாருக்கு யார் மேல் ஆசை, யார் வீட்டில் அடி, யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் வெளியே வரும்.

பிறகு வீட்டுக்குக் குழாய் வந்தது, காஸ் அடுப்பு வந்தது, கக்கூஸ் வந்தது. பருத்திக் காடுகள் குறைந்து மக்காச்சோளம் பரவியது, ஓடைக்கரைகளைச் சீமைக் கருவேல் மூடியது. பள்ளிக்கூட வேன் வாசலிலேயே ஏற்றி வாசலிலேயே இறக்குகிறது. இதில் பெரும்பாலானவை வந்தே தீர வேண்டிய நல்லவை. ஓடைக்கரை என்பது பாம்பும் இருட்டும் அடக்கிவைத்த வயிற்று வலியும் சேர்ந்தது, அது திரும்பி வர வேண்டும் என்று எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். ஆனாலும் நடந்ததைக் கணக்குப் பார்க்க வேண்டும். பெரியவர் கண் படாமல் தன் வயதுக்காரியோடு பேச ஒரு பெண்ணுக்கு இருந்த இடங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. பதிலுக்கு வீட்டுக்குள் ஓர் இடம் கிடைக்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் புதிதாக அந்தரங்கம் கேட்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். அவர்களுடைய ஆச்சிக்கு இருந்த அளவைத்தான் அவர்கள் கேட்கிறார்கள்.

விடலைப் பருவம் நம் வீடுகளுக்குப் புது வரவு என்பதையும் மறக்கக் கூடாது. பக்கத்து எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதிக்கு 1897இல், பதினைந்து வயது நிறையும் முன்னே, கல்யாணம் முடிந்துவிட்டது. செல்லம்மாவுக்கு ஏழு வயது. 1929இல் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்று வைத்தது. 1978இல்தான் அது பதினெட்டு, இருபத்தொன்று ஆனது. இந்தப் பகுதியில் கல்யாணம் தள்ளிப்போன வீடுகளிலும் பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனார்கள். விடியும் முன்பே ஊர் ஊராக வந்து அவர்களை ஏற்றிப் போன வண்டிகளைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தயாரிப்பில் பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைத் தடுத்தது. சிவகாசிப் பிள்ளைகள் தொடர்பான வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விரிவான தீர்ப்பு அளித்தது. 2016 திருத்தம் ஆபத்தான தொழில்களில் பதினெட்டு வயது வரை தடையை நீட்டியது. கல்யாணமும் வேலையும் விலகிய இடத்தில் பள்ளிக்கூடம் வந்து உட்கார்ந்தது. பதின்மூன்றுக்கும் பதினெட்டுக்கும் நடுவில், சம்பாதிக்காமல், குடும்பம் ஆகாமல், வீட்டிலேயே இருந்து படிக்கும் ஒரு ஆள் அநேகமாக இரண்டே தலைமுறையாகத்தான் நம்மோடு இருக்கிறார். அவரை எப்படி நடத்துவது என்பதற்கு நம் தாய் தகப்பனிடம் முன்மாதிரி கிடையாது. பெற்றோர் தடுமாறுவதில் வியப்பில்லை, அந்தத் தடுமாற்றத்தை நான் பழிக்கவும் மாட்டேன்.

ஆனால் ஒன்றைப் பழித்துத்தான் ஆக வேண்டும். ஒரு பெண்பிள்ளை எதை முதன்மையாக மறைத்துவைத்துக்கொள்ள ஆசைப்படுவாளோ, அதைத்தான் நாம் ஊர் கூட்டி அறிவிக்கிறோம். பூப்படைந்த பெண்ணுக்கு ஓலைக் குச்சில் கட்டி உட்காரவைத்த காலத்தில் விஷயம் தெருவோடு நின்றது. இப்போது மண்டபம், மைக் செட், தாய்மாமன் சீர்வரிசை, வளைவு வளைவாக பிளெக்ஸ். பதிமூன்று வயதுப் பிள்ளையின் முழு உருவப் படம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு வாரம் நிற்கிறது. அதன் கீழே வாழ்த்தும் உறவினர்களின் முகங்கள். திங்கட்கிழமை அவள் வகுப்புக்குப் போகும்போது பையன்களுக்கெல்லாம் அவள் உடம்பின் தேதி தெரியும். சீர் செய்முறை திரும்பி வர வேண்டும், சொந்தபந்தம் கோபித்துக்கொள்ளும் என்று பெற்றோர் சொல்வதில் உண்மை உண்டு. அந்தக் கணக்கில் பிள்ளையின் சம்மதம் என்று ஒரு வரி இருந்ததே இல்லை. அவளிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்பதுதான் என் முதல் கோரிக்கை, போன் விஷயம் அதற்குப் பிறகு. உடம்பை ஊருக்குச் சொல்லிவிட்டு, மறுவருஷம் “போன்ல என்னடி ஒளிக்கிற?” என்று கேட்பதற்கு நமக்கு வாய் வரக் கூடாது.

போன் எங்கள் கரிசல் வட்டாரத்து வீடுகளில் பிள்ளைகளின் கைக்கு வந்தது கொரோனா காலத்தில். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. 2021 செப்டம்பரில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வகுப்புகள் மறுபடி திறந்தன. அதற்குள் கம்மலை அடகு வைத்தாவது ஒரு ஸ்மார்ட்போன் வாங்கியாயிற்று. 2023இல் பதினான்கு முதல் பதினெட்டு வயதுக்காரர்களிடம் நடந்த ‘ஏசர்’ கிராமப்புற ஆய்வு இந்தியா முழுவதும் 28 மாவட்டங்களில் சுமார் 35,000 பேரைச் சந்தித்தது. பத்தில் ஒன்பது பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. போனைப் பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் கிட்டத்தட்ட 44 சதவீதம் பேரிடம் சொந்தப் போன் இருந்தது, பெண்களில் 20 சதவீதம் பேரிடம். இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நம் கேள்வியின் பாதி ஒளிந்திருக்கிறது. பையன் போனைப் பூட்டுப் போட்டு வைத்துக்கொண்டால் “வயசுப் பய, விடு” என்கிறோம். மகள் போனை மல்லாக்க வைக்காமல் கவிழ்த்து வைத்தாலே வீடு கலங்குகிறது.

பழைய மடமும் ஓடைக்கரையும் சேர்ந்து இப்போது அந்தப் போனுக்குள் இருக்கின்றன. ஒரு வித்தியாசம் உண்டு. ஓடைக்கரையில் அந்நிய ஆள் வந்து நின்றால் பத்து பெண்கள் சத்தம் போடுவார்கள். போனுக்குள் அந்நிய ஆள் தோழியின் பெயரிலேயே வந்து நிற்க முடியும்.

அதனால் பெற்றோரின் பயத்தை வெறும் பழமைவாதம் என்று தள்ள நான் தயாராக இல்லை. பொள்ளாச்சி வழக்கு நம் எல்லார் வீட்டிலும் ஒரு வாரமாவது பேசப்பட்டது. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி கொடுத்த புகாரில் அது வெளியே வந்தது. நட்பாகப் பழகி, தனியிடத்துக்கு வரவழைத்து, வன்கொடுமை செய்து, படம் பிடித்து, அந்தப் படத்தைக் காட்டியே மிரட்டிய கூட்டம். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. அந்தச் செய்தியைக் கேட்ட பல வீடுகளில் மகளின் போன் பறிக்கப்பட்டது. நான் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு. மிரட்டியவர்களின் கையில் இருந்த ஆயுதம் வீடியோ என்று நினைக்கிறோம். அந்த வீடியோவுக்குக் கூர் வைத்தது வீடு. ‘உன் அப்பாவுக்கு அனுப்பிவிடுவேன்’ என்ற ஒரு வாக்கியம் போதும் என்று இப்படி மிரட்டுகிறவர்களுக்குத் தெரியும். அப்பாவிடம் சொல்லலாம் என்ற நிலை ஒரு வீட்டில் இருந்தால் அந்த மிரட்டல் அங்கே செல்லாது. நடந்ததை வெளியே சொன்ன பெண்ணை அரசும் காப்பாற்றவில்லை. அவருடைய அடையாளத்தை அரசாணையில் வெளியிட்டதற்காக அவருக்கு 25 லட்ச ரூபாய் கொடுக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது.

பிள்ளை சொல்வது எப்போது, எப்படி என்பதை மனவியல் ஆய்வாளர்கள் ஓரளவு தெளிவாகக் கண்டிருக்கிறார்கள். சுவீடனில் ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையையே திருப்பிப் போட்டது. பிள்ளை எங்கே போகிறான், யாரோடு சேர்கிறான் என்று தெரிந்துவைத்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் தப்புத் தண்டாவுக்குக் குறைவாகப் போகிறார்கள் என்பது அதற்கு முன்பே தெரிந்ததுதான். கண்காணிப்பினால்தான் அப்படி என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். பதினான்கு வயதுப் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் கேட்டு இவர்கள் பார்த்தபோது, பெற்றோருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி பிள்ளை தானாக வந்து சொன்னது. துருவிக் கேட்டும் கெடுபிடி செய்தும் தெரிந்துகொண்டது கொஞ்சம்தான். நெதர்லாந்தில் ஸ்கைலர் ஹாக் குழுவினர் பார்த்ததும் இதற்கு ஒத்துப்போகிறது. பெற்றோர் தன் விஷயத்தில் அத்துமீறி நுழைகிறார்கள் என்று உணரும் பிள்ளை மேலும் மறைக்கிறது, கடைசியில் பெற்றோருக்கு முன்பைவிடக் குறைவாகவே தெரிகிறது. அமெரிக்காவின் ஜூடித் ஸ்மெட்டானா பிள்ளைகளோடு பல ஆண்டுகள் பேசி இன்னொன்றைக் கண்டார். ஆபத்தான காரியங்களிலும் பிறருக்குத் தீங்கு வரும் காரியங்களிலும் பெற்றோர் தலையிடலாம் என்று பிள்ளைகளே ஒப்புக்கொள்கிறார்கள். என்ன உடுத்துவது, யாரோடு சிநேகம், டைரியில் என்ன எழுதுவது என்ற எல்லைக்குள் வரும்போதுதான் முகம் திருப்புகிறார்கள்.

இவையெல்லாம் குளிர்நாட்டு ஆய்வுகள், நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எனக்கு அதற்குப் பதில் கரிசல் மண்ணிலேயே கிடைக்கிறது. பூமணி 1982இல் எழுதிய ‘வெக்கை’ நாவலில் பதினைந்து வயதுப் பையன் ஒரு கொலையைச் செய்துவிட்டு ஓடுகிறான். வீட்டில் யாரிடமும் அவன் முன்கூட்டிச் சொல்லவில்லை. தெரிந்த பிறகு தகப்பன் செய்வது என்ன? அவனோடு கிளம்பிக் காட்டுக்குள் நடக்கிறார். பசியாறக் கொடுக்கிறார், எங்கே படுப்பது என்று காட்டுகிறார், பேசுகிறார், பேசவிடுகிறார். கொலையை நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு தகப்பனிடம் ஒரு விடலைப் பையன் எதையும் சொல்லலாம் என்று இருந்தால் அந்த வீடு எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எழுத்தை நான் படித்ததில்லை. இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையும் அந்த வகையில் என் நினைவுக்கு வருகிறது. அதில் ஒரு சிறுவன் ஏங்குவது தன் பெயர் எழுதிய ஒரு டைரிக்கு. தன்னையும் ஒரு ஆளாக மதித்து, தனக்கென்று ஒன்று கொடுக்கப்பட வேண்டும் என்ற அந்த ஏக்கம் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் பொதுவானது.

எனக்கும் ஒரு நினைவு உண்டு. பதினாறு வயதில், கல்யாணமாகிப் போன என் தோழி எனக்கு ஓர் இன்லேண்ட் கடிதம் எழுதியிருந்தாள். என் கைக்கு வரும்போது அது பிரிக்கப்பட்டிருந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் படித்துவிட்டு, “ஒண்ணுமில்ல, நல்லாத்தான் எழுதியிருக்கா” என்று சிரித்துக்கொண்டே நீட்டினார். அவர் என் மேல் உயிரையே வைத்திருந்தவர். ஆனால் அந்த வரிகளை என்னால் என் கண்ணால் படிக்க முடியவில்லை, அவர் கண்ணால்தான் படித்தேன். அவளுக்கு அவள் மாமியார் வீட்டில் என்ன கஷ்டம் என்று நான் எழுதிக் கேட்கவே இல்லை. பதில் கடிதமும் யாராவது படிப்பார்கள் என்று தெரிந்துவிட்டதல்லவா.

சட்டம் இந்த விஷயத்தில் எங்கே நிற்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். வழக்குப் போட்டவர் ஓய்வு பெற்ற ஒரு நீதிபதி, விவகாரம் ஆதார். தாய்க்கும் மகளுக்கும் நடுவிலான தகராறு அந்தத் தீர்ப்பில் வராது. ஆனால் 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு குழந்தையின் அந்தரங்கத்திலும் கடிதப் போக்குவரத்திலும் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்கிறது. 2019இல் கேரளத்தில் ஒரு கல்லூரி மாணவி, விடுதியில் மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை போனை ஒப்படைக்க வேண்டும் என்ற விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். இணையம் அணுகுவது கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்று உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மதுரைக் கிளையில் 2024 அக்டோபரில், மனைவியின் அழைப்பு விவரங்களைக் கணவர் கள்ளத்தனமாக எடுத்து வந்து சாட்சியமாக வைத்தபோது, அதை ஏற்க நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் மறுத்தார். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், தம்பதியர் ரகசியமாகப் பதிவு செய்த உரையாடலைத் திருமண வழக்கில் சாட்சியாக ஏற்கலாம் என்றது. ஆக, வீட்டுக்குள் வேவு பார்ப்பதைப் பற்றி நீதிமன்றங்களே ஒரே குரலில் பேசவில்லை.

பதின்பருவத்தினரை நேரடியாகத் தொடும் சட்டம் 2012ஆம் ஆண்டு போக்சோ. அதில் பதினெட்டு வயது வரை குழந்தை. பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. குழந்தைகளைக் காக்க வந்த பிரிவு அது, அவசியமானது. ஆனால் பதினாறு வயதுப் பெண் தன் சிநேகிதத்தைப் பற்றி டீச்சரிடமோ நர்ஸிடமோ வாய் திறந்தால் அது போலீஸ் ஸ்டேஷனில் போய் முடியலாம். ஒத்த வயதினரின் காதலைத் தண்டிக்க இந்தச் சட்டம் வரவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜனவரியில் சொன்னார். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அவள் அடையாளத்தை மருத்துவர் காவல்துறைக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இந்த விளக்கங்கள் எந்தப் பெண்பிள்ளையின் காதுக்கும் போய்ச் சேர்வதில்லை. வெளியில் யாரிடமும் சொல்ல முடியாத பிள்ளைக்கு மிஞ்சுவது வீடு ஒன்றுதான். வீட்டிலும் சொல்ல முடியாவிட்டால் அவள் எங்கே போவாள்?

வீட்டில் சொல்ல முடியாததற்குக் காரணம் பல நேரங்களில் ஒழுக்கம் இல்லை, சாதி. இதை நாம் மென்று விழுங்குகிறோம். மகள் போனை அப்பா திறப்பது “யாருகூடப் பேசுற?” என்று கேட்க. அந்த ‘யாரு’க்குள் என்ன ஆள் என்ற கேள்வி இருக்கிறது. 2025 ஜூலையில் நம் மாவட்டத்து ஏரல் பக்கத்து இளைஞர் கவின் செல்வகணேஷ் திருநெல்வேலியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் நேசித்த பெண்ணின் சகோதரர் கைதானார். அவர்கள் இருவரும் வயது வந்தவர்கள், படித்தவர்கள், வேலையில் இருந்தவர்கள். அப்படிப்பட்ட காற்றில் வளரும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு, போனைக் கவிழ்த்து வைப்பது இன்னொருவரின் உயிரைக் காப்பாற்றும் காரியமாகக்கூடத் தோன்றலாம்.

மகனின் போனைப் பார்க்காமல் விடுகிறோமே, அதையும் இங்கேயே பேசிவிட வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் தடுக்க வந்த அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் சாதிக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொன்னது. கயிறு மணிக்கட்டில் ஏறும் முன்பே போனில் ஏறிவிடுகிறது. அரிவாளோடு ஸ்டேட்டஸ், சாதிப் பாட்டுக்கு ரீல்ஸ், ஊர்ப் பெயரில் ஒரு குரூப். மகன் அதை ஒளித்துக்கூட வைப்பதில்லை, ஊருக்கே காட்டுகிறான். சித்தப்பா லைக் போடுகிறார். ஒளிக்காத ஒன்றைக் கண்டிக்க யாருடைய அந்தரங்கத்துக்குள்ளும் நுழைய வேண்டியதில்லை. அதைப் பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டு, மகளின் வாட்ஸ்அப்பை ராத்திரி திருட்டுத்தனமாகப் படிக்கும் வீட்டில் காவல் தலைகீழாக நடக்கிறது.

அப்படியானால் எவ்வளவு கொடுக்கலாம்? பிள்ளை தானாக வந்து சொல்லும் வழி அடைபடாத அளவுக்கு என்பேன். அதை வைத்தே மற்ற எல்லாவற்றையும் அளக்கிறேன். டைரி, கடிதம், தோழியோடு பேசும் பேச்சு, இவற்றைப் படிக்கவே கூடாது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றும்போது மட்டும் அந்த எல்லையைத் தாண்டலாம், அப்போதும் பிள்ளைக்குத் தெரிந்துதான் தாண்ட வேண்டும். சாப்பிடாமல், தூங்காமல், போன் சத்தம் கேட்டாலே வெளிறும் பிள்ளையிடம் “எனக்குப் பயமா இருக்கு, ஒன் போனைப் பாக்கணும், நீயும் பக்கத்துல ஒக்காரு” என்று சொல்வது தாய்மை. அவள் தூங்கிய பிறகு விரலை எடுத்துப் போனில் வைத்துத் திறப்பது களவு. இரண்டிலும் படிப்பது ஒரே செய்தியாக இருக்கலாம். மறுநாள் காலை அந்த வீட்டில் மிஞ்சியிருப்பது ஒன்றாக இருக்காது.

பன்னிரண்டு, பதிமூன்று வயதில் போனே பொதுவாக இருக்கட்டும், பட்டாசாலையில் உட்கார்ந்து பார்க்கட்டும். அதில் தப்பில்லை. பதினைந்து பதினாறில் யாரோடு, எங்கே, எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. என்ன பேசினாய் என்று கேட்கும் உரிமை இல்லை. இன்ஸ்டாகிராம் நிறுவனம் 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்குக் கொண்டுவந்த பதின்பருவக் கணக்கிலும் இப்படி ஒரு கோடுதான் போட்டிருக்கிறது. பிள்ளை யார் யாருக்குச் செய்தி அனுப்பினாள் என்று பெற்றோர் பார்க்கலாம், என்ன அனுப்பினாள் என்பது தெரியாது. 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ பதினெட்டு வயது வரை எல்லாப் பிள்ளைகளையும் ஒரே தட்டில் வைத்து, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. எட்டு வயதும் பதினேழு வயதும் ஒன்றா? ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குக் கீழ் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று நிறுத்திவிட்டது. அரசுகள் கம்பெனிகளின் கையைக் கட்டட்டும், வேண்டியதுதான். வீட்டுக்குள் நடக்க வேண்டிய பேச்சை எந்த அரசும் நடத்தித் தராது.

மகளுக்கும் மகனுக்கும் ஒரே விதி இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆபத்து மகளுக்குத்தானே அதிகம் என்பார்கள். ஆபத்து அதிகம் உள்ளவளுக்குத்தான் பயமில்லாமல் சொல்லும் வழியும் அதிகம் வேண்டும். மிரட்டல் வந்தால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணையும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் போனில் பதிந்து கொடுத்துவிட்டு, “எது நடந்தாலும் ஒம் மேல கை வைக்க மாட்டேன், மொதல்ல எங்கிட்டச் சொல்லு” என்று ஒரு தகப்பன் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னால், அது பத்து உளவு ஆப்புகளைவிடப் பலமான காவல். சொன்னபடி நடக்கவும் வேண்டும். ஒரே ஒரு தரம் அடித்துவிட்டாலும் அந்தச் சொல் செத்துப்போகும்.

தனி அறை கட்ட எல்லாராலும் முடியாது. அடுக்களையில் சேலைக்குப் பதிலாக ஒரு பிளைவுட் கதவும் அதற்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் போடலாம். பூட்டும் சாவியுமாக ஒரு சின்னப் பெட்டி வாங்கிக் கொடுக்கலாம். சாயந்திரம் ஒரு மணி நேரம் மொட்டை மாடியில் தோழியோடு உட்கார்ந்து பேச விடலாம், அங்கே துணி எடுக்கிற சாக்கில் யாரும் ஏறிப் போகாமல்.

போன மாதம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா பட்டாசாலையில் தீக்குச்சிக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் மகள் கல்லூரிக்குப் போகப் போகிறாள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. பணம் நேராக அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்குக்கு வரும். அதற்காக இப்போதே கணக்குத் தொடங்கப் படிவம் வாங்கி வைத்திருந்தார்கள். மகள் அதை மடியில் வைத்து எழுதிக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

“அக்கா, இதுல செல் நம்பர் கேட்ருக்கான். அவங்க அப்பா நம்பரக் குடுத்துரவா?” என்று என்னைக் கேட்டாள் அம்மா. “பணம் வந்தா மெசேஜ் வரணும்ல.”

மகள் என்னைப் பார்க்கவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். ஆச்சி உள்ளேயிருந்து, “யாரு காசோ அவ நம்பரு” என்றாள். அம்மா குச்சிகளைத் தட்டி நேராக்கினாள். ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வாசலில் செருப்புக் கழற்றும் சத்தமும் அதற்குப் பின்னால் ஒரு செருமலும் கேட்டது. மகள் படிவத்தை நான்காக மடித்து, அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டு, மஞ்சள் பைக்குள் வைத்தாள்.